கோழிக்குப் போட்ட தவிடு

“குழந்த அழுதுச்சு. வாயத் தொறந்து தொறந்து அழுதுச்சு. சத்தம் மட்டும் வரல.”

என் பாட்டி இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஜப்பான்காரன் காலத்தில், அவருக்குப் பிறந்த முதல் ஆண் குழந்தை மூன்று மாதம் முடிவதற்குள் இறந்துபோனது. காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. பார்க்கக் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, இரண்டே நாளில் போய்விட்டது. காத்துக் கருப்பு என்றார்கள். பாட்டியும் அப்படித்தான் நம்பினார். 2006இல் கண்ணை மூடும்வரை அதற்கு வேறு காரணம் அவருக்குத் தெரியாது.

நான் வானொலி அறிவிப்பாளர். குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனாலோ என்னவோ, பாட்டி சொன்ன அந்த ‘சத்தமில்லாத அழுகை’ சின்ன வயதிலிருந்தே மனத்தில் தங்கிவிட்டது.

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சிக்காக உணவு விரயம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். குப்பைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகும் உணவுப் பொருள்களில் இருக்கும் சத்தை ஏழை நாடுகளின் வைட்டமின் குறைபாட்டைப் போக்கப் பயன்படுத்த முடியுமா என்பதுதான் தலைப்பு. அரிசித் தவிட்டைப் பற்றிப் படிக்கும்போது ஒரு மருத்துவ விளக்கம் கண்ணில் பட்டது. தாய்ப்பாலில் வைட்டமின் பி1 இல்லாவிட்டால், இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குப் ‘பெரிபெரி’ வரும். நன்றாக இருக்கும் பிள்ளை திடீரென்று பால் குடிக்காது. குரல்நாண்களைக் கட்டுப்படுத்தும் நரம்பு பாதிக்கப்பட்டு, அழுதாலும் ஓசை வராது. பிறகு இதயம் செயலிழக்கும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதே நேரத்தில் பி1 ஊசி போட்டால், அதே சில மணி நேரத்தில் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எண்பது ஆண்டுக்கு முந்தைய மரணத்துக்கு நோய்ப் பெயர் சூட்ட நான் மருத்துவர் இல்லை. ஆனால் தேடத் தொடங்கினேன். தேடியது என்னை எங்கேயோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் என்று நினைத்தேன். அது சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும், கடைசியில் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் கொண்டுவந்து விட்டது.

கோழிக்குத் தெரிந்த உண்மை

நெல்லுக்கு மேலே உமி. அதை நீக்கினால் பழுப்பு அரிசி. அந்த அரிசியைத் தீட்டும்போது உதிரும் மெல்லிய மேல்தோலும் முளைக்கருவும் சேர்ந்ததுதான் தவிடு. 100 கிலோ நெல்லை அரைத்தால் 8 முதல் 10 கிலோ வரை தவிடு கிடைக்கும். அரிசியின் பி1 சத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 100 கிராம் தவிட்டில் 2.7 மில்லிகிராம் அளவுக்கு பி1 உண்டு. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியில் 0.07 மில்லிகிராம்தான். ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகத் தேவை. பாலூட்டும் தாய்க்கு இன்னும் கூடுதல். உடம்பு இதைச் சேமித்து வைப்பதும் இல்லை. இரண்டு மூன்று வாரம் கிடைக்காவிட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் ஆசியாவுக்கு வந்தன. உரலில் குத்திய அரிசியின் இடத்தை வெள்ளை வெளேரென்ற ஆலை அரிசி பிடித்தது. கூடவே பெரிபெரியும் பரவியது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். ‘முடியாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான கருத்து.

அப்போது கிருமிகளைக் கண்டுபிடிக்கும் காலம். பெரிபெரிக்கும் ஒரு கிருமிதான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மனும் கிருமியைத் தேடித்தான் கோழி வளர்த்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குப் போட முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறிவிட்டன. அந்தச் சமையல்காரரின் பிடிவாதத்திலிருந்து தொடங்கிய ஆய்வுக்காக ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா? ஜாவாவின் 101 சிறைகளின் கணக்கை ஃபோர்டர்மன் என்ற அதிகாரி எடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியில் விழுந்திருந்தார். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுகூட இல்லை.

சிரம்பானில் பார்த்த மூன்று பானைகள்

இதே காலத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மடிந்துகொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கம்பத்து மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசியைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நோய் அரிது. சீனர்கள் சியாமிலிருந்து வந்த வெள்ளை அரிசியைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குத்தான் அதிகம். தோட்டத்துத் தமிழர்கள் சாப்பிட்டதும் ஆலை அரிசிதான். ஆனாலும் அவர்களுக்கு நோய் வரவில்லை.

காரணம், அது புழுங்கல் அரிசி.

பிராடன் இதை 1907இல் ஒரு நூலாகவே எழுதினார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. காரணம் தவறு, கண் பார்த்தது சரி.

அதற்கு முன்பே, 1905இல், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு சோதித்திருந்தார். வெள்ளை அரிசி சாப்பிட்ட ஏறத்தாழ 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. யாரிடமும் சம்மதம் கேட்காமல் நடந்த சோதனை அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. அந்த 18 பேர் தந்த விலையில்தான் இந்த உண்மை நமக்குக் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது.

1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், ஜெலுபுப் பக்கம் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதை மறுபடியும் சோதித்தார்கள். அரிசியை மாற்றினால் நோய் வந்தது. மறுபடி மாற்றினால் நின்றது. நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை, தீட்டும்போது ஏதோ ஒன்று அரிசியை விட்டுப் போகிறது என்று உறுதிசெய்தார்கள். அந்த ‘ஏதோ ஒன்றை’த் தவிட்டிலிருந்து பிரிக்க முயன்ற காசிமிர் ஃபங்க் 1912இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: வைட்டமின். இன்று நாம் மாத்திரையாக விழுங்கும் வைட்டமின்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது தவிட்டைத் துழாவியபோதுதான்.

சரி, புழுங்கல் அரிசியும் ஆலையில் தீட்டியதுதானே? அது எப்படிக் காப்பாற்றியது? நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைக்கிறோம். ஊறும்போதும் அவியும்போதும், தண்ணீரில் கரையும் பி1 சத்து மேல்தோலிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தவிட்டை எடுத்தாலும் ஒரு பங்கு சத்து உள்ளேயே தங்கிவிடும். தவிடு கழிவாகப் போவதற்கு முன்பே அதன் சத்தைச் சோற்றுக்குள் மாற்றிக்கொள்ளும் வேலை இது. யார் கண்டுபிடித்தார்கள் என்று பெயர் தெரியாத தொழில்நுட்பம். நம் முன்னோர் வைட்டமின் தெரிந்து செய்தார்கள் என்று நான் பெருமை பேச மாட்டேன். அவித்த நெல் ஆலையில் உடையாது, பூச்சி எளிதில் பிடிக்காது, அதற்காகச் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் மலாயாவின் தோட்டங்களில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்படியென்றால் என் பாட்டியின் பிள்ளைக்கு ஏன் வந்தது? வந்திருந்தால், அதற்கு விடை போரில் இருக்கிறது. மலாயாவுக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அது நின்றுபோனது. பங்கீட்டில் கிடைத்த கொஞ்ச வெள்ளை அரிசியும் மரவள்ளிக்கிழங்குமே தோட்டத்துச் சாப்பாடு. கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான் நிறைய. பி1 மிகக் குறைவு. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோன நம் ஆட்களையும் வெள்ளைக்காரக் கைதிகளையும் வாட்டிய நோய்களில் பெரிபெரியும் ஒன்று. பாட்டியின் தட்டில் இருந்ததை நினைத்தால், அவர் பாலில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

மணிலாவில் ஒரு புட்டி

தவிட்டை மருந்தாக்கியும் காட்டியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் சத்தமில்லாமல் அழுத குழந்தைகள் ஏராளம். அங்குள்ள மருந்தியலாளர் மனுவேல் சமோரா, தவிட்டிலிருந்து சாறு இறக்கி ‘திக்கி-திக்கி’ என்ற மருந்தைத் தயாரித்தார். அதே மணிலாவில் 1910 வாக்கில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் வேதியியலாளரும் தவிட்டுச் சாற்றை ஆராய்ந்தார். சாகக் கிடந்த ஒரு குழந்தைக்குச் சில துளிகள் கொடுக்க, அது பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர். 1936இல் பி1ஐச் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினார்.

இங்கே நீங்கள் கேட்கலாம்: மாத்திரையே வந்துவிட்டதே, இன்னும் ஏன் தவிட்டைப் பற்றிப் பேச வேண்டும்?

நல்ல கேள்வி. செயற்கை வைட்டமின் மலிவு. அவசரத்துக்கு அதுதான் உயிர் காக்கும். 1948இல் பிலிப்பைன்ஸின் பாத்தான் மாநிலத்தில் சத்தூட்டிய அரிசியைக் கொடுத்தபோது பெரிபெரி மரணங்கள் மளமளவென்று குறைந்தன. ஆனால் ஆலைகள் ஒத்துழைக்காததால் நாடு முழுக்க அது நிலைக்கவில்லை. மாத்திரைக்கும் சத்தூட்டலுக்கும் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும், லாரி அனுப்ப வேண்டும். தவிடு ஒவ்வொரு கிராமத்து ஆலையிலும் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குக் குறைந்தது 6 கோடி டன்.

லாரி வருவதற்குள்

அந்தக் குவியலைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை செகிஞ்சானுக்குப் போனேன். பச்சை வயலைப் படம் எடுக்கப் பலரும் போகும் ஊர். ஆலைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே இடி மாதிரி இயந்திரச் சத்தம். ஒரு குழாயில் அரிசி, இன்னொரு குழாயில் தவிடு. மூக்கெல்லாம் மாவு. பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணன் ஒரு பிடி தவிட்டை என் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தது.

“இத சாப்பிடலாமாண்ணே?”

“இப்ப சாப்பிடலாம். நாளைக்கு மோந்து பாருங்க, கிட்ட போக மாட்டீங்க. அதான் இன்னைக்கே லாரி வரணும்.”

“லாரி எங்க போகும்?”

“கோழித் தீவனத்துக்கு. வேற எங்க?”

முழுச் சிக்கலையும் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் இருக்கிறது. அரிசியைத் தீட்டிய நொடியிலேயே ‘லிப்பேஸ்’ என்ற நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் காறல் வாடை, பிறகு கசப்பு. ஆலையை விட்டுப் போவதற்கு முன்பே நல்ல சூட்டில் சில நிமிடம் பதப்படுத்தினால் நொதி செயலிழந்துவிடும். தவிடு மாதக்கணக்கில் கெடாது. சிக்கல் என்னவென்றால், சின்ன ஆலைகளிடம் அந்த இயந்திரம் இல்லை. வாங்கினாலும், சாப்பிடும் தவிட்டுக்கு வாடிக்கையாளர் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் ஆர்சனிக் இருந்தால் அது தவிட்டில்தான் அதிகம் சேரும்; அதனால் சோதிக்காத தவிட்டை, அதுவும் குழந்தைகளுக்கு, கொடுக்கக் கூடாது. அடுத்தது, பேரங்காடியில் விற்கும் தவிட்டு எண்ணெயில் பி1 கிடைக்காது. அது தண்ணீரில் கரையும் சத்து. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில்தான் இருக்கும். அந்தச் சக்கையும் தீவனத்துக்கே போகிறது.

முயற்சிகள் இல்லாமலும் இல்லை. மாலியிலும் நிகராகுவாவிலும் 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் உணவில், பதப்படுத்திய தவிட்டைச் சிறிய அளவில் சேர்த்து ஆய்வு செய்திருக்கிறார்கள். குழந்தைகள் அதை நன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னும் ஓயாத அழுகை

இதெல்லாம் பழங்கதை என்று முடிக்க முடியவில்லை. லாவோஸிலும் கம்போடியாவிலும் மியன்மாரிலும் இன்றும் குழந்தைகளுக்குப் பெரிபெரி வருகிறது. 1980களின் இறுதியில் தாய்லாந்து எல்லையிலுள்ள கரேன் அகதி முகாமில் குழந்தை இறப்புக்கு முதன்மைக் காரணமாக இருந்ததே இந்த நோய்தான். பல கிராமங்களில் நெல் அரைக்கக் கூலி வாங்க மாட்டார்கள். கூலிக்குப் பதில் தவிட்டை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வார். அது பன்றிக்குப் போகும். அரிசியை வெள்ளையாக்க அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை, பிள்ளைக்கு வேண்டிய வைட்டமின்.

அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு. வெள்ளைச் சோறு, உப்பு, இஞ்சி என்று வாரக்கணக்கில். காய் கூடாது, மீன் கூடாது. தாயைக் காப்பதாக நினைத்து வைக்கும் பத்தியமே பாலின் சத்தைக் குறைத்துவிடுகிறது.

ஒதுக்கியதில்தான் சத்து இருக்கிறது என்பது அரிசிக்கு மட்டுமான கதையும் இல்லை. பங்ளாதேஷின் குளங்களில் மோலா என்ற சின்ன மீன் இருக்கிறது. அது கண்ணுக்கு நல்லது என்பது அந்த ஊர்ப் பெண்கள் சொல்வது. திரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளி ஆய்வாளர் சகுந்தலா தில்ஸ்டெட் அந்தப் பேச்சை ஒதுக்காமல் ஆராய்ந்தார். வைட்டமின் ஏ நிறைந்த மீன் அது. அந்தச் சத்து பெரும்பாலும் கண்ணிலும் உள்ளுறுப்புகளிலும்தான் இருந்தது. பெரிய மீனைச் சுத்தம் செய்யும்போது நாம் தூக்கி எறியும் பகுதிகள் அவை. முழுதாகச் சாப்பிடும் சின்ன மீனில் அவை தட்டுக்கு வந்துவிடுகின்றன. பினாங்கில் தலைமையகம் கொண்ட வேர்ல்ட்ஃபிஷ் அமைப்பில் பணியாற்றிய அவருக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் வீட்டுப் பானை

நிகழ்ச்சியில் இதைப் பேசியபோது ஒரு நேயர் அழைத்தார். “அப்படின்னா நாங்க எல்லாம் தவிடு திங்கணுமா?” என்று சிரித்தார். வேண்டாம் ஐயா. மீன், முட்டை, இறைச்சி, பயறு, கடலை என்று கலந்து சாப்பிடும் மலேசியக் குடும்பத்துக்கு பி1 பஞ்சம் வருவது அரிது. ஆனால் சில பழக்கங்களை யோசிக்கலாம். அரிசியை நான்கைந்து தண்ணீர் விட்டு அரக்கிக் கழுவினால், இருக்கும் கொஞ்ச சத்தும் தொட்டியில் போய்விடும். வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றுவதும் அப்படித்தான். புழுங்கல் அரிசியின் வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று முழுதாக மாறிவிடாமல், வாரத்தில் சில நாளாவது வைத்துக்கொள்ளலாம். பச்சைக் குழந்தை பால் குடிக்க மறுத்து, அழுகைக் குரல் கம்மினால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

என் தங்கைக்கு இரண்டு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. அம்மா வீட்டில்தான் பத்தியம். பெரியம்மா வந்து, பச்சரிசிச் சோறும் பூண்டு மிளகு ரசமும் மட்டும் போதும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா புழுங்கல் அரிசியை உலையில் போட்டுவிட்டார். கஞ்சியை வடித்து, உப்புப் போட்டு, ஒரு டம்ளரில் தங்கைக்குக் கொடுத்தார். “எங்கம்மா இதைக் கீழ ஊத்த விடாது. மிஞ்சினா எங்களுக்கு, தவிடு இருந்தா கோழிக்கு,” என்றார். கூடவே ஒரு துண்டு பால்சுறாப் புட்டும் வைத்தார்.

அன்று மாலை பக்கத்து அறையில் கைப்பேசியை வைத்து நிகழ்ச்சி முன்னோட்டம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பாதியில் பிள்ளை வீறிட்டு அழுதது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்படி ஒரு குரல். பதிவு கெட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

“தூக்கவா?” என்று தங்கை கேட்டாள்.

“கொஞ்சம் அழட்டும்,” என்றார் அம்மா. “நல்லா சத்தம் போட்டு அழட்டும்.”